படத்தின் கீழே என் பெயர்

பங்குனி, புதன் இரவு.

நாற்பது வருடம் ஸ்டூடியோவுக்குள் இருந்து, போட்டோ எடுக்க வருகிறவர்களின் பின்னால் தொங்கும் திரைச்சீலைகளில் வாவியை வரைந்தேன். இன்றுதான் முதல்முறையாகக் கரையில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துப் பாலத்தை வரைந்தேன். தண்ணீர் நான் இத்தனை காலம் பூசிய நீலமே இல்லை. சந்தோசத்தில், இந்த வயதில் புதிதாக எழுதப் படித்த எழுத்தில் படத்தின் கீழே என் பெயரைப் போட்டேன்.

மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து நின்றார்கள்.

“பாலத்தை என்னத்துக்குக் கீறுறீங்க?”

“வடிவாக் கிடக்கு மனே.”

“பேரும் போட்டிருக்கு. நல்லம்.” ஒருவன் சிரித்தபடி போனில் படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டான். யார் என்று சொல்லவில்லை. படம் பிடித்துப்போய் எடுத்திருக்கலாம்.

சண்டைக் காலத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் என் தம்பியின் பெயரையும் சிரித்துக்கொண்டுதான் எழுதிப் போனார்கள். பிறகு கூட்டிப்போனார்கள். அவன் திரும்பவில்லை.

“பேருக்கு மேல ஒரு பத்தைச் செடியைக் கீறி விடுங்க,” என்றாள் வீட்டில் மனைவி. பச்சையைக் குழைத்தேன். போனில் பெயர் போய்விட்டது, இனி மறைத்து என்ன என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவினேன்.

அது முழு உண்மை இல்லை. அறுபத்தொன்பது வயதில் முதன்முதலாக என் கையால் எழுதிய பெயர். நாய் குரைக்கும்போதெல்லாம் எழுந்து வாசலைப் பார்க்கிறேன். வந்து படுக்குமுன் படத்தையும் ஒருதரம் பார்க்கிறேன்.