ஒன்பதாம் இலக்கச் சட்டை

மச்சான்,

நேற்று உன் மனைவி சட்டனில் உள்ள வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து ஒரு பையை என் கையில் தந்தாள். "அண்ணை, எறியவும் மனம் வரேல்லை, வீட்டில வைச்சுப் பாக்கவும் ஏலாமக் கிடக்கு. நீங்களே வைச்சிருங்கோ" என்றாள். அவள் போனபின் திறந்தேன். முதலில் கற்பூர மணம். அதற்குக் கீழே நீ முழங்காலுக்குத் தேய்க்கும் அந்தத் தைலத்தின் காரம். நீலமும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்ட உன் பழைய விளையாட்டுச் சட்டை, முதுகில் ஒன்பது.

அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். கோபம்தான் வந்தது. சென்ற மாரியில் நீ போய்ச் சேர்ந்தபோது வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் நீ உயிரோடு இருந்த காலத்தில் என்னை ஒருநாளும் ஒழுங்காகக் கோபப்பட விட்டதில்லை. வாயைத் திறந்தால் "விடடாப்பா" என்பாய். இப்போது என் வாயை மூட நீ இல்லை. அதனால் கேள்.

யாழ்ப்பாணத்தானுக்கு ரக்பிப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். உன் அப்பாவுக்குக் கண்டியில் உத்தியோகம், அங்கே பள்ளிக்கூடத்தில் ஒட்டியது. லண்டன் வந்தும் விடவில்லை. சட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரக்பி லீக் கிளப்பைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தாய். எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் என்னிடம் வான் இருந்தது, நான் உன் சாரதியானேன். முதல் நாள் மைதானத்து ஓரத்தில் நின்று நீ விளக்கியது நினைவிருக்கிறது. "பக்கத்துக்குப் பதின்மூண்டு பேர். பந்தோட ஓடுறவனை மற்றப் பக்கம் பிடிச்சு விழுத்தும். ஆறாந்தரம் விழுத்தினா பந்து அவங்களுக்கு. ஒவ்வொரு தரமும் விழுந்தவன்ரை காலடியில கிடக்கிற பந்தை எடுத்துக் குடுக்கிறவன் ஒன்பதாம் நம்பர். அது நான்." விழுந்தவன் காலடியில் குனிந்து நிற்கிற வேலை உனக்குப் பொருத்தம் என்று அன்று பகிடி விட்டேன். இன்று அந்தப் பகிடி கசக்கிறது.

அந்த வருடம் சீசன் பாதியாகும் வரை தோல்விதான். நன்றாக விளையாடக் கூடியவர்கள் ஒவ்வொருவராய் வேறு கிளப்புகளுக்குக் கழன்றார்கள். சேர்மன், அதுதான் அந்த வீட்டுத் தரகர், இத்தோடு இழுத்து மூடிவிடலாம் என்று பாரில் இருந்து பேசத் தொடங்கினார். அப்போதுதான் நீ பயிற்சிக்கு டேவின் வானிலிருந்து நீண்ட இரும்புக் குழாய்களை இறக்கச் சொன்னாய். டேவ் பிளம்பர், அணியில் முன்வரிசைக்காரன், கதவை மறைக்கிற உடம்பு. குழாய்களில் மணல் மூட்டைகளைக் கட்டி, முன்வரிசைக்காரர்களின் தோளில் ஏற்றி, மைதானத்தைச் சுற்ற வைத்தாய். ஒருவன் முந்தினால் மற்றவன் தோள் நசியும். ஒருவன் குனிந்தால் பாரமெல்லாம் அடுத்தவன் தலையில். நீ முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு கத்தினாய்: "பொறு! இடம்! வலம்! தூக்கு!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோயிலில் சாமி காவுவதை அப்படியே அங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தாய். தேரன்று மண்டபத்திலிருந்து தேரடிவரை சாமியைத் தோளில் காவி வரும்போது இடது முன்தடி எப்போதும் உன்னுடையது. நீ குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் கால் எடுத்து வைப்பார்கள்.

அந்த வெள்ளைக்காரர்களும் இரண்டு பிஜிக்காரர்களும் ஓர் ஆஸ்திரேலியனும் "பொறு" என்பதை "பொரூ" என்று பழகினார்கள். அதன் பிறகு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். நீ தமிழில் குரல் கொடுக்க, ஆறு தடியன்கள் ஒரே ஆளைப் போல அசைந்தார்கள். எதிர்ப்பக்கத்தானுக்கு எந்தப் பக்கம் பந்து வருகிறது என்று தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. ஒரு கிழமை வென்றோம், அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த கிழமையும் வென்றோம். பட்டியலின் அடியிலிருந்து ஏறி ஏறி, நாலாவது இடத்தைப் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்து, அதையும் வென்றுவிட்டோம். இறுதிப் போட்டி! கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாத நான் ஓரத்தில் நின்று "அரோகரா" என்று கத்தினேன்.

மறுநாள் ஞாயிறு தேர். முழு அணியையும் கோயிலுக்குக் கூட்டி வந்தாய். டேவ் வேட்டி கட்டி, அதன்மேல் பெல்ட் போட்டு, தேர் வடம் இழுத்தான். ஐயர்கூடச் சிரித்தார். சேர்மனும் வந்தார். நீ சாமி காவியதை நின்று பார்த்துப் படம் பிடித்தார். பிறகு சோறு, சாம்பார், பாயாசம். பாயாசம் அவருக்கு இரண்டு கப். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன், என் கையைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு நீ சட்டையைக் கழற்றியபோது இடது தோளில் தடி நசித்த சிவந்த கண்டல். காவினவன் தோளில் அது வரும், நாலைந்து நாளில் மறையும். நம்மவர்களில் எவனும் அதை மறைப்பானா? காட்டிக்கொண்டல்லவா திரிவான். சேர்மன் கேட்க, நீயும் பெருமையாகத் தோளைக் காட்டி, எந்த இடத்தில் தடி அழுத்தும் என்று விளக்கமும் கொடுத்தாய். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இறுதிப் போட்டிக்கு முழு உடல்நலத்தோடு இருப்பவர்தான் வேண்டும். கமிட்டி முடிவு. மன்னித்துக்கொள்."

அதன் பிறகு புதுச் சட்டைகளின் பெட்டியைத் திறந்தார்கள். இறுதிப் போட்டிக்கென்று முதுகில் பெயரும் அச்சடித்த சட்டைகள். ஒன்பதாம் இலக்கத்தில் நாம் கேள்விப்பட்டேயிராத ஒரு பெயர். பெரிய கிளப் ஒன்றில் விளையாடிச் சீசன் முடிந்த ஒருவன், சேர்மனின் கூட்டாளியின் மகன். மச்சான், நான் அச்சகத்தில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை நீ காவியதைப் பார்த்து அச்சுக்குக் கொடுத்தால் வியாழக்கிழமை பெயரோடு சட்டை வந்து இறங்காது; அரையிறுதி வென்ற சனிக்கிழமையே கொடுத்திருக்க வேண்டும். நீ சாமியைத் தோளில் ஏற்றுவதற்கு முன்பே உன்னை இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த மனிதன் அதைத் தெரிந்துகொண்டே வந்து நம் பாயாசத்தைக் குடித்திருக்கிறான்.

உன் பழைய சட்டையை நினைவுப் பரிசாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நினைவுப் பரிசாம்!

உனக்கும் விளங்கியது. உன் முகத்தைப் பார்த்தே அறிந்தேன். டேவ் பையைத் தூக்கித் தோளில் போட்டு, "நீ இல்லையென்றால் நானும் இல்லை" என்றான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஒரு சொல் போதும் மச்சான், ஒரே ஒரு சொல். நீ டேவின் பையைப் பிடுங்கிக் கீழே வைத்தாய். வானில் வரும்போது நான் கத்தக் கத்த நீ சொன்னது இதுதான்: "சாமி தோளில இருக்கேக்க சண்டை பிடிச்சுத் தடியை விட ஏலாது. அவங்கள் இவ்வளவு தூரம் வந்திட்டாங்கள். என்னால கீழ விழக் கூடாது."

அழகான பேச்சுத்தான். ஆனால் எனக்கு இன்றுவரை பத்திக்கொண்டு வருகிறது. சாமி விழக் கூடாது, சரி. நீ விழலாமா?

இறுதிப் போட்டியன்று தண்ணீர்ப் போத்தல்களோடு கோட்டுக்கு வெளியே நின்றாய். வந்தவன் நல்ல விளையாட்டுக்காரன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் ஆங்கிலத்தில் குரல் கொடுத்தான், எதிர்ப்பக்கமும் அதைக் கேட்டது. நம் ஆட்கள் ஒருவர் காலில் ஒருவர் இடறினார்கள். ஆனாலும் கடைசி நிமிடங்களில் இரண்டே புள்ளிதான் பின்னால். எதிரியின் கோட்டுக்கு முன்னால் டேவ் விழுந்து எழுந்து உன்னைத் திரும்பிப் பார்த்தான். நீ உன்னை மறந்து கத்தினாய்: "வலம்! வலம்! தூக்கு!" ஆறு பேரும் ஒரே நேரம் வலப்பக்கம் திரும்பினார்கள். வந்தவனுக்கு விளங்கவில்லை. பந்தை இடப்பக்கம் எறிந்தான், அங்கே ஆளில்லை. விசில். தோற்றோம்.

சேர்மன் ஓடி வந்து உன் கையைப் பிடித்து, நீ கத்தியதால்தான் குழப்பம் என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி. நீ தலையைக் குனிந்து வெறும் போத்தல்களைப் பொறுக்கினாய். நான் அவரை நோக்கிப் போனேன். நீ என் முழங்கையைப் பிடித்தாய். உன் பிடியில் எவ்வளவு பலம் இருந்தது, தெரியுமா? அந்தப் பலத்தில் கொஞ்சத்தை அந்த ஆளிடம் காட்டியிருக்கலாமே.

அடுத்த சீசன் நீ போகவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. தேருக்கு மட்டும் வந்தாய். இந்தப் பழைய சட்டையை நாலாக மடித்து, தடிக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக் காவினாய். இலக்கம் உள்பக்கம் இருக்கும்படி மடிப்பாய். ஒவ்வொரு வருடமும் கவனித்தேன். நீ ஒன்றும் மறக்கவில்லை என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கும் வலித்தது என்று ஒருதரம் என்னிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் தனியாகக் கோபப்பட்டுக்கொண்டு ஒரு விசரனைப் போல இத்தனை காலம் திரிந்திருக்க மாட்டேனே.

உன் செத்த வீட்டுக்குச் சேர்மன் கறுப்பு டை கட்டி வந்தார். மைக்கைப் பிடித்து, "எங்களை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர் இவர்" என்றார். சனம் தலையாட்டியது. கொண்டுபோனவனை வாசலில் நிறுத்தியது யார் என்று கேட்க எழும்பினேன். உன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். பார், நீ செத்தும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

வருகிற ஞாயிறு தேர். இடது முன்தடி இனி என்னுடையது, கோயிலில் கேட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் டேவ். அவனும் கேட்டு வாங்கியிருக்கிறான். போனில் "பொரூ, பொரூ" என்று ஒத்திகை பார்க்கிறான், அரைவாசியில் அழுதுவிடுகிறான். சேர்மனும் வருவார், பாயாசத்துக்கு ஒரு வருடமும் தவறியதில்லை.

நான் சண்டை பிடிக்க மாட்டேன். சாமி தோளில் இருக்கும், தடியை விட மாட்டேன். அந்த மட்டுக்கு உன் சொல் கேட்பேன். ஆனால் சட்டையை நேற்றே மடித்துப் பார்த்துவிட்டேன் மச்சான். ஒன்பது வெளியே தெரிகிறது.