வரவேண்டாம் என்று நீ எழுதிய மாதம்

சோனாங்குப்பம், கடலூர்
வைகாசி 7

அன்பு மகள் வினோதினிக்கு அம்மா அமராவதி எழுதுவது. கத்திரி வெயில் ஒன்றைத் தவிர எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளை அரசுவும் உடம்பும் மனசும் தேறி இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று சொல்கிறாய். போன வருஷம் உன் வயிற்றில் தங்காமல் போன பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அம்மா, சிக்னல் சரியா இல்ல, அப்புறமா பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நியூசிலாந்தில் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் எப்படி சிக்னல் இல்லாமல் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. கடிதத்தை நீ பாதியில் மூடி வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் எந்த மாதம் வந்தால் எந்த ஊர் நன்றாக இருக்கும் என்று நீ எழுதி அனுப்பிய பட்டியலை அப்பா ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். தடைக்காலம் என்பதால் படகு கரையில் கிடக்கிறது, ஆனி பிறக்கும்வரை கடலுக்குப் போக முடியாது, கிழிந்த வலையைச் சரிபார்க்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மனுஷர் உங்கள் நாட்டில்தான் இருக்கிறார். மத்தியானம் மேல்காற்று அனலாக அடிக்கும்போது தரையில் தண்ணீர் தெளித்து நானும் அவரும் படுத்துக்கொள்வோம், அவர் கண்ணை மூடிக்கொண்டே ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போவார். வடக்கு முனையில் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வீட்டுக்கு வீடு ஆரஞ்சு காய்க்கும் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, "அது அவுங்க ஊரு பண்ருட்டி, பலாவுக்குப் பதிலா ஆரஞ்சு, அவ்ளோதான்" என்கிறார். மேற்குக் கரையில் வருஷம் முழுக்க மழையாமே, நம் ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே போய்க் குடியேறிவிட்டது போலிருக்கிறது. அந்த மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் மழை தீர்ந்துபோய்க் காற்று சுடுகிறது என்கிறாய். நடுவில் ஏதோ ஓர் ஊரில் தை மாதம் செர்ரி பழுக்கிறது, அதே ஊரில் ஆடி மாதம் குழாயில் தண்ணீர் உறைகிறது. கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன், தூக்கத்தில் எல்லா ஊரும் ஒன்றாகிவிடுகிறது. ஒரு நாள் கனவில் சிதம்பரம் கீழவீதி முழுக்கப் பனி கொட்டிக் கிடந்தது. தேர் நிலையில் வெள்ளையாக நிற்கிறது, நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்து புத்தகப் பையோடு நடந்து வருகிறாய், ஆனால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. விழித்துப் பார்த்தால் கழுத்தெல்லாம் வேர்வை, கடல்காற்று அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்க மனசே வரவில்லை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வருவதற்கு நல்ல காலம், உங்கள் டுனெடினில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பூ பூத்துக் கிடக்கும், அது இல்லையென்றால் ஏப்ரலில் இலை மஞ்சளாகிறதைப் பார்க்க வரலாம் என்று எழுதியிருக்கிறாய். அப்பா மழைக்காலத்தில் படகை விட்டுவிட்டு வர மாட்டார், புயல் கூண்டு ஏற்றுகிற மாதங்களில் அவரை வீட்டிலேயே பிடித்து வைக்க முடியாது, படகுக்குப் பக்கத்திலேயே கிடப்பார். அதனால் அடுத்த தடைக்காலத்தில் இரண்டு பேருமாகப் போகலாம் என்று முடிவு பண்ணி ஊரெல்லாம் சொல்லியும் விட்டார். ஜூலைக்கு நேரே நீ ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தாய், வேண்டாம் என்று. அதற்கு மட்டும் காரணம் எழுதவில்லை. அது எந்த மாதம் என்று எனக்குத் தெரியாதா வினோ.

எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருந்தாயே, ஓட்டலில் ரூம் போட்டால் வடக்குப் பார்த்த ஜன்னலாகக் கேட்க வேண்டும், இந்த நாட்டில் வெயில் வடக்கே இருந்துதான் வரும், தெற்கே இருந்து வருவது பனிக்காற்று, தெற்குப் பார்த்த அறை குளிர்காலத்தில் காயவே காயாது என்று. அதைப் படித்ததும்தான் நான் செய்து வைத்தது எனக்குப் புரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ வீடியோவில் இரண்டு வீட்டைக் காட்டி எதை எடுக்கலாம் என்று கேட்டாய். நம் குப்பத்தில் யார் வீடு கட்டினாலும் வாடை அடிக்கிற வடக்கே சுவரை வைத்து, தென்றல் வருகிற தெற்கே ஜன்னல் வைப்போம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜன்னல் எல்லாம் தெற்கே இருக்கிற வீட்டை எடு, கண்ணை மூடிக்கொண்டு எடு என்று நான்தான் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாய். மாப்பிள்ளை கப்பலில் இருந்து கரை இறங்கிய அன்று அவருக்குத் தனியாகப் போன் போட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினார். மீன் கணக்கெடுக்கக் கடலுக்குப் போனால் ஒரு மாதம் வீடு திரும்பாத மனுஷர், என்னிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "ஆமாம் அத்தை, செவுரெல்லாம் பூஞ்சை புடிக்கும், துணி காயாது, அவதான் அம்மா பார்த்துச் சொன்ன வீடு, மாத்த வேணாம்னு சொல்லிட்டா" என்றார். பிள்ளை போனதற்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். டாக்டர் படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஈரச் சுவருக்குள் மாப்பிள்ளையும் இல்லாமல் நீ ஒற்றை ஆளாகப் படுத்துக் கிடந்தாயே, அந்த வீட்டுக்கு உன்னை அனுப்பியது நான். இங்கே என்றால் பத்து நாள் எழுந்திருக்க விட்டிருப்பேனா, பூண்டுக் குழம்பும் வெந்நீருமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீ எங்களிடம் சொன்னதே நாற்பது நாள் கழித்து. அந்த நாற்பது நாளும் நான் இங்கே எறா உரித்துக்கொண்டும் பக்கத்து வீட்டுப் பட்டம்மாளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டும் இருந்திருக்கிறேன், அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் அப்பாவிடமும் உன்னிடமும் கேட்காமல் நானே ஒரு முடிவு பண்ணிவிட்டேன். விசாவுக்கு மாப்பிள்ளைதான் உனக்குத் தெரியாமல் எழுதிப் போட்டார், அவரைத் திட்டாதே. விசா வந்ததும் சிதம்பரத்துக்குப் போய் எனக்கு மட்டும் ஜூலைக்கு டிக்கெட் போட்டுவிட்டு, கீழவீதியில் ஒரு துணிக்கடையில் ஸ்வெட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்த வெயில்ல ஸ்வெட்டராம்மா, மார்கழி தரிசனத்துக்கு வர்றவுங்களுக்கு வாங்கிப் போட்டது ஒரு மூட்டை மேல கெடக்குது, இருங்க" என்று ஏணி போட்டு இறக்கினார். அங்கேயே ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், வேர்த்து ஊற்றிவிட்டது, கடையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இரண்டு, உனக்கு இரண்டு வாங்கியிருக்கிறேன், நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லாதே. விஷயத்தைச் சொன்னதும் அப்பா போய் ஒரு நாள் முழுக்கப் படகிலேயே உட்கார்ந்துகொண்டார். சென்னையைத் தாண்டாதவள் எப்படித் தனியாகப் போவாய், ஜூலையில் நான் கடலில் இருப்பேனே என்றுதான் கவலை. மறுநாள் காலையில் பீரோ முன்னால் நின்று பட்டியலைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா, நான் அடுத்த வருஷம் போய் இலை பாக்குறேன்" என்றார். அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

நான் வருவதற்குள் நீங்கள் வேறு வீடு பாருங்கள், இந்தத் தடவை என்னைக் கேட்காதீர்கள். கருவாடு கொண்டுவரக் கூடாது என்று நீ மிரட்டியதால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிட்டு வருகிறேன், சுக்கும் மிளகும் விடுவார்களா என்று மட்டும் விசாரித்து வை. அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வெளியே தலைகாட்ட முடியாது என்று சொல்லி என்னைத் தடுக்கப் பார்க்காதே. பூவையும் வெளிச்சத்தையும் பார்க்க நல்ல மாதத்தில் யார் வேண்டுமானாலும் வரட்டும். எனக்கு உன்னைத்தான் பார்க்க வேண்டும், இருட்டிய பிறகு நாம் இரண்டு பேரும் ஒரு போர்வைக்குள் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசலாம். பேச வரவில்லை என்றால் அழலாம், அதுவும் வரவில்லை என்றால் சும்மா இருக்கலாம்.

தில்லையம்மன் உனக்கும் மாப்பிள்ளைக்கும் துணை இருப்பாள், நீண்ட ஆயுளோடும் திடமான உடம்போடும் இருவரும் நன்றாக இருங்கள். காலையில் வெறும் காபியோடு வேலைக்கு ஓடாதே. ஒன்றை மட்டும் மறக்காமல் செய், ஜூலை பதினொன்றாம் தேதிக்கு ஆபீசில் லீவு சொல்லி வை. போன வருஷம் அந்த நாள் உனக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது, இந்த வருஷம் அன்றைக்கு அம்மா உன் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அமராவதி