மதாம் கொலெட்டின் மஞ்சள் விமானம்

மே 6

நம்பவே முடியவில்லை! மதிய இடைவேளையில் செய்தி வந்தது. திரும்பி உள்ளே போய் ஒரு கிழவருக்குப் பல் சுத்தம் செய்யும்போது கருவியை இரண்டு முறை கீழே போட்டுவிட்டேன். "பயப்பட வேண்டியது நானல்லவா?" என்று அவர் சிரித்தார்.

போன இலையுதிர்காலத்தில் காலமான என் ஆசிரியை மதாம் கொலெட்டின் நினைவாக, ஜூன் மாத விமானக் கண்காட்சியில் அவருடைய பழைய மஞ்சள் விமானம் பறக்கப்போகிறது. முன் இருக்கையில் அவரிடம் படித்த ஒருவர். பெயர்களைக் குலுக்கி எடுத்தார்களாம். வந்தது என் பெயர்.

நான் பெயரே கொடுக்கவில்லை! என் கணவர் வசீகரன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான்தான் குடுத்தனான். நீர் குடுக்கமாட்டீர் எண்டு தெரியும்."

கோபிக்க நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது.

மே 10

விமானத்தை ஓட்டப்போகிறவர் மதாமின் சிநேகிதி டெனீஸ். தொலைபேசியில், "அவரைப் பற்றி உங்களுக்கு என்ன ஞாபகம்?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

1996, கனடாவின் செயின்ட்-மிஷேல் பகுதி. எனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள். நாடு விட்டு வந்த பிள்ளைகளின் வகுப்பில் அவர் எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்தார். வாரநாளில் சோக்குத்தூள் படிந்த காற்சட்டை. கோடை வார இறுதியில் தோல் தொப்பி, பெரிய கண்ணாடி, 1941இல் செய்த இரட்டைச் சிறகு விமானம். வகுப்பு முழுவதையும் பார்க்கக் கூட்டிப்போனார்.

வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் கீழே பாய்ந்து வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் புல்லில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடுவோம். இங்கே எங்கே ஓடுவது?

தரையிறங்கியவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். எழும்பு என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் அவரும் குப்புறப் படுத்துக்கொண்டார். பிரெஞ்சில் சொல்ல எனக்குச் சொல் இருக்கவில்லை. கையால் காட்டினேன் – மேலிருந்து ஒன்று விழுவதை, வீடு சிதறுவதை. அவர் முகம் மாறிப்போயிற்று.

பிறகு விமானத்தடிக்குக் கூட்டிப்போய், என் கையைச் சிறகில் வைத்து, "தட்டிப் பார்" என்றார். துணி! மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வெறும் துணி! "இதில் குண்டு வைக்க இடமில்லை, நிரோஜா. நானும் என் மதியச் சாப்பாடும் மட்டும்தான்."

கனடா வந்து நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு கோடைக்குக் கோடை போய்த் தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஆனால் அவர் எத்தனை முறை கூப்பிட்டும் நான் ஏறவில்லை.

மே 18

லாசாலில் இருக்கும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். புட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கென்ன விசரோ?"

"அம்மா, அது கண்காட்சிதானே –"

"உன்ர அப்பாவைக் கொண்டுபோனது அந்தச் சத்தம். நீ அதுக்குள்ள ஏறப்போறியோ?"

காருக்குள் வந்து இருந்தேன். நான் செய்யிறது சரியோ? அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்? இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஏன் இப்பிடித் துள்ளுது?

மே 31

ஏறுவேன்.

ஜூன் 14

மழை. நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஐயோ!

ஜூன் 15

எங்கே தொடங்குவது!

காலையில் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோ. வீட்டில இருந்து யோசிச்சுக்கொண்டிருக்க ஏலாது." திடலுக்கு வந்ததும் என் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு கார்க் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார்.

டெனீஸ் பின் இருக்கையிலிருந்து "தயாரா?" என்றார். "ஓம்!" என்று தமிழிலேயே கத்தினேன். விமானத்தின் அதிர்வில் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. புல் ஓடியது, ஓடியது – சட்டென்று உதறல் நின்றது. தரை கீழே போய்விட்டது! காற்று வாயை நிரப்பியது. அங்கே ஆறு, அதற்கு அப்பால் மலையும் நகரமும். "மதாம், பாருங்கோ!" என்று கத்தினேன். அழுதேனா, சிரித்தேனா தெரியாது.

"இப்போது நீங்கள் பிடியுங்கள்" என்றார் டெனீஸ். கைப்பிடியை வலப்பக்கம் சற்றே சாய்த்தேன். விமானம் முழுவதும் என் சொல் கேட்டது!

திடலின் மேலாகத் தாழ வந்தோம். எங்கள் காரின் கதவு திறந்திருந்தது. நீலச் சேலை. அம்மா வெளியே நின்று, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி ஓடிப்போனேன். அம்மா குளிர்ந்துபோயிருந்த என் இரண்டு காதையும் உள்ளங்கையால் தேய்த்தார்.

"சத்தம் பயமா இருந்ததோ அம்மா?"

"தையல் மெசின் மாதிரிக் கிடந்தது. அது வேற சத்தம், பிள்ளை. இது வேற."

செப்டெம்பர் 21

அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். வரும் சனிக்கிழமை விமானம் ஓட்டும் வகுப்புக்குப் போகும்போது வந்து, தான் பொரிக்கும் ரோல்ஸ் எடுத்துக்கொண்டு போகட்டாம், டெனீஸுக்கும் சேர்த்து. "படிப்பிக்கிற பிள்ளை சரியா மெலிஞ்சு கிடக்கு."

நேற்று டெனீஸ் கை வைக்காமல் நானே விமானத்தைத் திருப்பினேன் என்று சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"ஆத்தங்கரைப் பக்கம். லாசால் வடிவாத் தெரிஞ்சது."

"முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். "பல்கனியில வந்து நிண்டிருப்பன்."