அண்ணிக்குப் போன பதிவுத் தபால்

என் அப்பாவுக்கு, இனியாவின் தாத்தாவுக்கு,

எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் நீங்கள் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதனால் இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்தி. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில், ஒரு மணி நேரம் உங்கள் பேத்தியை நீங்கள் பார்க்கலாம். உங்கள் காரியம் முடிந்து நான்காம் நாள் உத்தரவு வந்தது.

வக்கீல் அம்மாதான் போன் செய்தார். "ஐயாகிட்ட குடும்மா, நானே என் வாயால சொல்றேன்." நீங்கள் போன செய்தியை ஊருக்கெல்லாம் சொன்ன நான் அவருக்குச் சொல்ல மறந்திருந்தேன். சொன்னேன். "ஐயோ" என்றார். பிறகு, "மனு ஐயா பேர்ல மட்டும்தான இருந்திச்சி? அப்போ இந்த ஆர்டர் நிக்காதும்மா. அம்மா பேர்ல புதுசா போடணும்" என்றார்.

அம்மாவை ஏன் மனுவில் சேர்க்கவில்லை? "அவ எதுக்குக் கோர்ட்டுப் படி ஏறணும், நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். பெரிய மனதோடுதான் சொன்னீர்கள். அதன் பலன், இப்போது அம்மாவிடம் ஒன்றுமில்லை.

அண்ணன் தவளக்குப்பம் ரோட்டில் லாரி மோதிச் செத்து மூன்றாம் மாதம், அண்ணி இனியாவைக் கூட்டிக்கொண்டு கருவடிக்குப்பத்தில் தன் அப்பா வீட்டுக்குப் போனார். குழந்தைக்கு அப்போது நான்கு வயது. சண்டை எதுவும் இல்லை. போகும்போது வாசலில் நின்று உங்களிடம் ஒன்று சொன்னார்.

"மாமா, ஞாயித்துக்கெழம மதியானம் வந்து பாத்துட்டுப் போங்க. ஒரு மணி நேரம். எங்கப்பாவுக்கும் ஒடம்பு முடியல, வீட்ல கூட்டம் சேந்தா அவருக்கு ஆவல."

அவ்வளவுதான். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. உங்களுக்கு அந்த "ஒரு மணி நேரம்" மட்டும் காதில் விழுந்தது. "எம் பேத்தியப் பாக்க எனக்கு டைம் குடுக்கறியா நீ?" என்றீர்கள். அண்ணி ஆட்டோவில் ஏறினார்.

நீங்கள் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்து, பிரெஞ்சுப் பிரஜையாகவே திரும்பி வந்தவர். இந்த முதலியார்பேட்டை வீட்டில் உங்களுக்கு எல்லாமே கடிதம்தான். தண்ணீர் வராவிட்டால் கடிதம். பக்கத்து வீட்டு முருங்கை நம் பக்கம் சாய்ந்தால் கடிதம். அதுவும் சாதாரணத் தபால் இல்லை. ரெகொமாந்தே, பதிவுத் தபால். கையெழுத்தான ஒப்புகை அட்டை திரும்பி வந்தால்தான் உங்களுக்கு ஒரு விஷயம் நடந்ததாக அர்த்தம்.

அண்ணிக்கும் ஒரு பதிவுத் தபால் போட்டோம். உலகத்தில் எந்த மாமனாராவது மருமகளுக்கு ஒப்புகை அட்டையோடு கடிதம் போடுவாரா? நமக்கு அது விநோதமாகவே தெரியவில்லை.

நான் அப்போது எம்.ஏ. பிரெஞ்சு இரண்டாம் வருடம். பிரான்சின் சட்டத்தைப் போனில் தேடி எடுத்தவள் நான். தாத்தா பாட்டியோடு உறவு வைத்திருக்க வழி செய்யும் பிரிவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே சத்தமாகப் படித்தீர்கள். "பாத்தியா, த்ருவா! இது என் த்ருவா!" உரிமை என்பதைத் தமிழில் சொன்னால் உங்களுக்குப் போதவில்லை.

இப்போது அதே பிரிவை மறுபடி படித்தேன். அந்த உரிமை தாத்தாவுக்கு எழுதப்பட்டதே இல்லை. குழந்தைக்கு எழுதப்பட்டது. இனியாவுக்கு என்ன வேண்டும் என்று உங்களையோ என்னையோ யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

கடிதத்தை நான்தான் தமிழில் எழுதினேன். உங்களுக்குத் தமிழ் எழுத்து கை வராது. நீங்கள் சொன்னதை எழுதி, கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். 'குழந்தையைத் தாத்தா பாட்டியிடமிருந்து பிரிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.' எந்தச் சட்டத்தில் இருந்தது அது? எதிலும் இல்லை. கம்பீரமாக இருந்தது. அதனால் எழுதினேன்.

படித்துக் காட்டியபோது நீங்கள் தயங்கினீர்கள். "இது கொஞ்சம் காட்டமா இல்ல?"

"சட்டம் அப்டித்தாம்பா பேசும்."

படித்த பெண் சொல்கிறாள் என்று கையெழுத்துப் போட்டீர்கள். ஐந்தாம் நாள் அட்டை திரும்பி வந்தது. அண்ணியின் கையெழுத்து. அடுத்த ஞாயிறு நாம் போனபோது கேட் பூட்டியிருந்தது.

பிறகு கோர்ட்டு. முதல் நாளே வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். "ஐயா, அது அந்த நாட்டுச் சட்டம். கொழந்த இங்க இருக்குது. இங்க தாத்தாவுக்குன்னு தனியா ஒரு சட்டம் கெடையாது. கேட்டுப் பாக்கலாம். கொழந்தைக்கு நல்லதுன்னு ஜட்ஜுக்குத் தோணுச்சின்னா குடுப்பாங்க." நீங்கள் நம்பவில்லை. அவருக்குப் போதிய படிப்பு இல்லை என்று என்னிடம் சொன்னீர்கள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோட்டு, டை. அந்துருண்டை வாசனை. எதிர் டீக்கடைக்காரர் தூரத்திலேயே குரல் கொடுப்பார். "இன்னா சொல்தா ஐயா, கோர்ட்டுக்கா, பொண்ணு பாக்கவா?"

"பேத்தியப் பாக்க" என்பீர்கள். முதல் சில மாதங்கள் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிக்காமல். கடைசியில் அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை பார்த்தீர்கள். நீதிமன்ற ஆலோசகர் அறையில், பதினைந்து நிமிடம். இனியாவுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. நீங்கள் கையை நீட்டினீர்கள். அவள் அறைக்கதவின் பக்கமாகவே நின்று கேட்டாள்.

"தாத்தா, நீ எங்கம்மாவப் போலீஸ்ல புடிச்சிக் குடுக்கப் போறியா?"

யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று ஆலோசகர் குறிப்பு எழுதினார். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. கடிதம் அந்த வீட்டில் இருந்தது. சத்தமாகப் படித்திருப்பார்கள். அழுதிருப்பார்கள். குழந்தை பக்கத்தில் இருந்திருக்கும்.

"இல்லடா கண்ணு" என்று மட்டும் சொன்னீர்கள்.  வீட்டுக்கு வரும் வழியில் அந்த வரியைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? நான் உடைந்துவிடுவேன் என்றா? அல்லது கேட்கிற அளவுக்கு நான் முக்கியமில்லை என்றா? மூன்றாம் வாரம் குளியலறையில் விழுந்தீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டு போகும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

காரியத்துக்கு அண்ணி வரவில்லை. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நானும் தலையாட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உத்தரவு செல்லாது என்று அம்மாவிடம் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "எனக்கு எந்த ஆர்டரும் வேணா. கொழந்தயப் பாக்கணும். அது முடியுமா, முடியாதா?" என்றார். புது மனு போட்டால் இன்னும் இரண்டு வருடம். அம்மாவுக்குக் கண்ணில் புரை. இரண்டு வருடம் கழித்து எதைப் பார்ப்பது?

மறுநாள் காலை நான் மட்டும் கருவடிக்குப்பம் போனேன். அண்ணி கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். இளைத்துவிட்டார்.

"எதுக்கு வந்த?"

"பேசணும், அண்ணி."

"பேசறதுக்குத்தான் வக்கீல் வெச்சிருக்கீங்களே."

"கேசு முடிஞ்சிடுச்சி."

"மாமாவும்தான் முடிஞ்சிட்டாரு." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சாவு சேதி கேட்டு நான் பொறப்பட்டேன். பொடவகூட மாத்திட்டேன். அந்த லெட்டரு பீரோல இருந்திச்சி. எடுத்துப் பாத்தேன். உக்காந்துட்டேன். புருஷன் செத்து மூணு மாசம், எனக்குத் தண்டனைன்னு எழுதறாரு. அதுக்கு மேல இன்னா தண்டன இருக்குன்னு நெனச்சாரு அவரு?"

"அது நான் எழுதினது."

"இன்னாது?"

"அந்த வரி. நானா சேத்தது. காட்டமா இருக்குதேன்னு அப்பா சொன்னாரு. நான்தான் போடச் சொன்னேன்."

வீட்டுக்குள்ளிருந்து டிவி சத்தம் வந்தது. கேட்டுக்கு உள்ளே இனியாவின் செருப்பு கிடந்தது. எனக்குத் தெரிந்த அளவைவிடப் பெரியது.

"ரெண்டு வருஷமா அந்த மனுஷனத் திட்டிக்கினு இருந்தேன்டி" என்றார் அண்ணி. "கோர்ட்டுல எதுர்ல நின்னாரு. ஒரு தடவ மூஞ்சப் பாக்கல நான். நீ பக்கத்துலயே நின்ன. அன்னிக்கிச் சொல்றதுக்கு இன்னா?"

அண்ணி குனிந்து இனியாவின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். 

"அத்தைய ஞாயித்துக்கெழம அனுப்பு" என்றார் கடைசியில். "ஒரு மணி நேரம்லாம் இல்ல. எவ்ளோ நேரம் வேணா இருக்கட்டும். நீ வராத."

கேட் சாத்தப்பட்டது.

போன ஞாயிறு அம்மாவை ஸ்கூட்டரில் கூட்டிப் போய்த் தெரு முனையில் இறக்கிவிட்டேன். மூன்று மணி நேரம். வெளியே வந்தபோது அம்மாவின் தலையில் கோணலாக ஒரு பின்னல். யார் பின்னியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பாதி வழியில் அம்மா சொன்னார், "அத்த வரலியான்னு கேட்டா."

"என்ன சொன்ன?"

"வேல இருக்குன்னேன்."

அப்பா, நீங்கள் உரிமையோடு போகக் காத்திருந்த வீட்டுக்குள் அம்மா எந்த உரிமையும் இல்லாமல் போய் வருகிறார். நீங்கள் அன்றே போயிருக்கலாம். எட்டுக் கிலோமீட்டர்கூட இல்லை. அந்த இரண்டு வருடத்தை உங்களிடமிருந்து பறித்தது சட்டமும் இல்லை, அண்ணியும் இல்லை. உங்கள் வீறாப்பு பாதி. என் படிப்பு பாதி. உங்கள் பாதியை மன்னித்துவிட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிறுதோறும் அம்மாவைக் கொண்டுபோய் விடுவேன். உள்ளே வரவா என்று ஒருநாளும் கேட்க மாட்டேன். இனியா வளர்ந்து அந்தக் கடிதத்தைத் தானே எடுத்துப் படிப்பதற்கு முன்னால், எங்கிருந்தாலும் அவளைத் தேடிப் போய், உன் அம்மாவை மிரட்டியது தாத்தா இல்லை, நான், என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னை அத்தை என்று கூப்பிடாமல் போகலாம். போகட்டும். உங்களைத் தாத்தா என்று கூப்பிடுவாள்.

அதுவரை,
உங்கள் மகள்,
இனியாவின் அத்தை.