ஒத்தக்கடையில் கட்டிய படகு

8 மார்ச் 1981, ஞாயிறு

காலையில் பால்காரம்மா ரெங்கம்மாள் தன் கன்றுக்குட்டியை எங்கள் படகில் கட்டிவிட்டுப் பால் ஊற்றினாள். "கட்டிப்போட தோதாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள். மேலூர் ரோட்டில் போகிற பஸ்களில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எங்கள் வாசலைப் பார்க்கிறார்கள். கடல் இங்கிருந்து நூறு மைல். பின்னே பார்க்க மாட்டார்களா?

பதினெட்டு அடி நீளம். பலகை அடித்து முடிந்துவிட்டது. கட்டிய என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன் – அழகாக இருக்கிறது.

11 மார்ச், புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டு, "நீங்களாவது உங்க வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

என்னத்தைச் சொல்ல? போன வருஷம் தை மாதம், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் ரம்பம் பட்டு அவருக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. கண்ணுச்சாமி கட்டிய கூண்டு என்றால் ஊரில் இவருக்குத் தனி மதிப்பு இருந்த காலம். முதலாளி நல்லவர். வேலையை விட்டு அனுப்பாமல், வருகிற பலகையைக் குறித்துவைக்கிற வேலையைக் கொடுத்தார். அதுதான் இவரைத் தின்றது. எட்டு மாதம் வீட்டில் பேச்சே இல்லை. விசேஷ வீடுகளுக்கு வர மாட்டார். பந்தியில் கையை வெளியே எடுக்க வேண்டுமே.

அப்புறம் ஒரு நாள் ஏதோ பழைய பத்திரிகையில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைக்காரக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். பாய்மரப் படகிலேயே குடியிருந்து நான்கு வருஷமாகத் தீவு தீவாகச் சுற்றுகிறார்களாம். "நமக்கு நாலு வருசம் வேணாம் டீச்சரு. பத்து நாளு போதும்" என்றார். எட்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் எப்படி வேண்டாம் என்பேன்?

22 மார்ச், ஞாயிறு

நான்கு பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. நரசிங்கம் ஊர்ப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றில் இறங்கினோம். ஆளுக்கொரு காலி எண்ணெய் டின், முதுகில் கட்டி. பெரியவள் அன்னக்கொடி பதினாலு வயதுக்கு மீன் மாதிரி போகிறாள். சின்னத்தாய்க்கு ஆறு வயது, தவளையேதான். என் டின்னும் நன்றாக மிதந்தது. நான்தான் அதற்குக் கீழே இருந்தேன்.

5 ஏப்ரல், ஞாயிறு

காடாத் துணியில் பாய் தைத்து முடித்தாயிற்று. மெஷின் ஊசி ஏழு போச்சு.

25 ஏப்ரல், சனி. மண்டபம்

படகை லாரியில் ஏற்றி, நாங்கள் படகில் ஏறி உட்கார்ந்து வந்தோம். வழியெல்லாம் ஊர்வலம்தான்.

இங்கே பேச்சிமுத்து காத்திருந்தார். கடலில் பிறந்து வளர்ந்தவர். தன் முதலாளியின் மீன் லாரிக்குக் கூண்டு கட்ட மதுரை வந்தபோது இவருக்குச் சிநேகம். எங்களோடு படகில் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். படகைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, "லாரி மாதிரி கெட்டியா இருக்குண்ணே. லாரி மாதிரி தண்ணியில முங்காம இருந்தாச் சரி" என்றார்.

பதினாறு வருஷமாகக் கடலைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். இன்றுதான் பார்த்தேன். வரைபடத்தில் ஒரே நீலமாகப் பூசச் சொல்வேன். கரையில் பால் நிறம், அப்புறம் பச்சை, அப்புறம் கலங்கல், அதற்கும் அப்பால்தான் நீலம். பச்சை பூசிய பிள்ளைகளுக்கு எத்தனை மார்க் குறைத்திருப்பேன்!

27 ஏப்ரல், திங்கள்

படகில் ஐந்து பேர். மண் நிரப்பிய தகரப் பெட்டிக்குள் ஸ்டவ்வை வைத்துச் சமையல். சோறு பொங்கும்போது படகு சாய்ந்தால் நானும் சாய வேண்டும். சின்னத்தாயின் இடுப்பில் என் பழைய சேலையைச் சுற்றி மறுமுனையைப் பாய்மரத்தில் கட்டியிருக்கிறேன். "நான் என்ன ரெங்கம்மா கன்னுக்குட்டியா?" என்று ஒரே அழுகை. அடியில் கொஞ்சம் கசிகிறது. மோந்து ஊற்றுவது அன்னக்கொடி வேலை.

எனக்குக் குமட்டவில்லை! அவருக்குத்தான் இரண்டு நாளாக.

29 ஏப்ரல், புதன்

முயல் தீவு. தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று நாங்கள் மூவரும் சேலை பாவாடையோடு ஆட்டம் போட்டோம். என் வயதுக்கு இது தேவையா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் தோன்றவில்லை.

ஒன்றுதான் மனசுக்குச் சரிப்படவில்லை. சுக்கானையும் பாய்க்கயிற்றையும் அவர் யாரிடமும் விடுவதில்லை. அன்னக்கொடி பத்துத் தடவை கேட்டுவிட்டாள். "பாப்பா கொஞ்சம் புடிக்கட்டுமேண்ணே" என்று பேச்சிமுத்துவும் சொன்னார். "எனக்குத் தெரியும்" என்கிறார். சாயங்காலம் வலது கை வீங்கியிருந்தது. கேட்டால் கோபம் வரும். கேட்கவில்லை.

2 மே, சனி

பேச்சிமுத்து நேற்றே தேங்காய்த் தோணியில் ஊருக்குப் போய்விட்டார். மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று சேதி வந்தது. போகும்போது இரண்டு தடவை சொன்னார்: "நான் வாரவரைக்கும் தீவ விட்டு நகராதீகண்ணே. கச்சான் காத்து எந்நேரமும் கெளம்பும்."

3 மே, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. எழுதத்தான் வேண்டும்.

காலையில் கடல் தட்டுப் போல இருந்தது. "அந்தா தெரியுது அடுத்த தீவு. கண்ணுக்கு எட்டுன தூரம். போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்" என்றார். வேண்டாம் என்றேன். கேட்டாரா?

பாதி வழியில் தென்மேற்கிலிருந்து வந்தது அந்தக் கச்சான் காற்று. எதை முதலில் பிடிப்பது என்று தெரியவில்லை. பாய்க்கயிறு அவர் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று விரலால் எம்புட்டுத்தான் பிடிப்பார்? பாய் படபடவென்று அடிக்க, படகு அலைக்குக் குறுக்கே திரும்பி, தண்ணீர் உள்ளே – சின்னத்தாய் வீறிட்டு அலறுகிறாள். அன்னக்கொடி பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். "விடுடி!" என்று இவர் அதட்டுகிறார். அந்த நேரத்திலும்!

நான் கத்தினேன். "கயித்த அவகிட்டக் குடுய்யா! ஒங் கையால முடியாது!"

பதினாறு மாதமாக வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. சொல்லிவிட்டேன்.

என்னை ஒரு தரம் பார்த்தார். கயிற்றை விட்டார். அப்புறம் அவர் குரல் வேறு மாதிரி ஆனது. "அன்னம், கால ஊனி நின்னு இழு. டீச்சரு, சுக்கான் ஒனக்கு. இடப்பக்கம். இன்னும். போதும், அப்பிடியே வையி." அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். அடுத்த காற்று எங்கே வருகிறதென்று தண்ணீரைப் பார்த்தே சொன்னார். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தண்ணீரை மோந்து ஊற்றினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முயல் தீவின் மணலில் படகு முட்டி நின்றபோது நான்கு பேரும் அப்படியே கிடந்தோம்.

"ரெண்டு வெரலு இல்லாட்டி என்னன்னு காட்டத்தான் இம்புட்டும் செஞ்சேன்" என்றார்.

"யாருக்குக் காட்ட? நாங்க கேட்டமா?"

காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "எனக்குத்தான்" என்றார்.

நான் சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லாமல் இருந்திருந்தால்? தெரியவில்லை. அன்னக்கொடியின் உள்ளங்கையில் தோல் உரிந்து கிடக்கிறது. அவர்தான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்.

5 மே, செவ்வாய்

பேச்சிமுத்து வந்துவிட்டார், கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு. பெண் குழந்தை! நாங்கள் தீவை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்ததைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். அன்னக்கொடி சுக்கானில், நான் பாய்க்கயிற்றில், முன்னால் இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதட்டிக்கொண்டு. "அண்ணே, கேப்டன் கணக்கால்ல இருக்கீக!" என்றார்.

மூன்றாம் தேதி நடந்ததை இவரே அவரிடம் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டார்.

8 மே, வெள்ளி

வீடு. படகைப் பேச்சிமுத்து பொறுப்பில் விட்டு வந்தோம். கட்டிலில் படுத்தால் கட்டில் ஆடுகிறது. எனக்கு மட்டுமில்லை, நான்கு பேருக்கும்.

17 மே, ஞாயிறு

ஒத்தை வரி எழுதிவிட்டுப் படுக்கிறேன். சமயநல்லூரில் என் தம்பி மகள் காதுகுத்து. அவரும் வந்தார், பந்தியிலும் உட்கார்ந்தார்.

19 ஜூன், வெள்ளி

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவருக்குக் குரலே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பயந்துபோய் என்னவென்று கேட்டேன். அன்னக்கொடியின் நோட்டை வாங்கி எழுதிக் காட்டினார். திங்கட்கிழமை அவரே போய் முதலாளியிடம் கூண்டு வேலையைத் திரும்பக் கேட்டிருக்கிறார். ஒரு லாரி முழுக்க அவர் பொறுப்பு, கீழே மூன்று ஆசாரிகள்; ஐந்து நாளாக வாயால் சொல்லிச் சொல்லியே வேலை வாங்குகிறாராம். 'மூணு பேருக்கும் காது மந்தம்' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். கொல்லையில் நின்று கொப்பளித்த சத்தத்துக்குச் சின்னத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாளைக்கு ஒரு நாள் லீவு போடச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.