இழுப்பறையின் அடிப்பக்கம்

அன்புள்ள என் வாலுத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நான் ஐம்பத்து மூன்று வயதில் வேலைக்குப் போகிறேன், சிரிக்காதே. பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் கடை. வருவது என்ன மரம் என்று பார்த்துச் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். கற்றுத்தருபவள் பாலிஷ் போடுகிற பெண். என் மகள் வயதுதான், அதட்டல் மட்டும் மாமியார் மாதிரி.

முதல் வாரம் கறுப்பாக இருந்ததையெல்லாம் விலை உயர்ந்த ஈட்டி மரம் என்று எழுதித் தள்ளினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "நிறத்தை நம்பாதீங்கக்கா, சாயம் பூசினா எல்லாம் ஈட்டிதான். இழுப்பறையை உருவி அடியைப் பாருங்க, அங்க யாரும் சாயம் பூச மாட்டாங்க" என்றாள். பலகையின் மேலே ஓடும் மர ரேகை விளிம்பிலும் இறங்கி ஓட வேண்டுமாம். விளிம்போடு நின்றுபோனால் அது மேலே ஒட்டிய மெல்லிய சீவல். இப்போது பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

கற்ற கை சும்மா இருக்குமா? போன ஞாயிறு வீட்டு அலமாரியைச் சோதித்தேன். ஆமாம், அப்பாவின் அலமாரிதான். அப்பா போனபின், "ஈட்டி மரம், மூத்தவளுக்குத்தான்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் நான் அடம்பிடித்து எடுத்துவந்தேனே, அதே அலமாரி.

முகப்பில் மட்டும் காகிதம் போல் ஈட்டிச் சீவல் ஒட்டியிருக்கிறது. உள்ளே வெளுத்த, லேசான, பேர் தெரியாத ஏதோ மரம். முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு இழுப்பறையைக் கவிழ்த்தேன். அடியில் பென்சிலில் 'ஒன்று' என்று எழுதியிருந்தது. அடுத்ததில் 'இரண்டு'. சுழி பெருத்த உன் எழுத்து.

நான்கு வருடம் அப்பாவை நீதான் பார்த்துக்கொண்டாய். கரையான் வராமலிருக்க எல்லாவற்றையும் உருவித் துடைத்து, மாறிப்போகாமல் எண் போட்டிருக்கிறாய். அப்படியென்றால் அது ஈட்டி இல்லையென்று உனக்கு அப்போதே தெரியும். அன்றைக்கு "அது வேண்டாம்கா, வேற ஏதாவது எடுத்துக்கோ" என்றாயே, அது எனக்காகச் சொன்னது! நான்தான் பாவி, "நல்லதை அமுக்கப் பாக்கறியா? அப்பாவைப் பாத்துக்கிட்டதுக்குக் கூலியா?" என்று கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்துப்போயிருக்கும். ஈட்டி என்று நம்பி வாங்கி அப்பா ஏமாந்தது அத்தனை பேருக்கும் தெரியவேண்டாம், நானும் அசடு வழியவேண்டாம் என்று பேசாமல் படியிறங்கிப் போனாய். ஆறு வருடம்.

எனக்கு அந்த மரமா பெரிது? அப்பா படுத்திருந்தபோது ஒருநாள்கூட நான் உடன் இருக்கவில்லை. அவருடையது ஏதாவது என்னிடம் இருக்கவேண்டும் என்று வெறி. இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அது சின்ன வார்த்தை. ஒருமுறை வா. ஆறு வருடமாக அடக்கிவைத்த திட்டையெல்லாம் கொட்டு. ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசமாட்டேன். திட்டி முடிக்க எத்தனை நாள் ஆனாலும், அத்தனை நாளும் இங்கேயே இரு.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்றே தினமும் நினைக்கும்,
உன் அக்கா