ஆவணி வெயிலில் பார்த்த பிறசர்

உ
சிவமயம்

தண்ணீரூற்று,
22.01.1962

அன்புள்ள மகன் கனகலிங்கத்துக்கு அம்மா எழுதுவது.

கொழும்பில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வற்றாப்பளை அம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டு உன்னிடமிருந்து ஒரு தபாலட்டைகூட வரவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தானே வேண்டும். பெற்றவள் ரோசம் பார்த்தால் சரிவருமா?

நெல் முற்றி வருகிறது. ஐயா பாரிசவாதத்தில் படுத்த பிறகு பன்றிக் காவலுக்கு ஆளில்லாமல் தவித்தோம். பக்கத்து வயல் மீராசாகிபுதான் தன் காவலோடு எங்களுடையதையும் பார்க்கிறார். அன்றைக்கு ஐயாவைத் தன் வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அவருடைய பெண்சாதி பாத்தும்மா இரண்டொரு நாளுக்கு ஒருமுறை கஞ்சி கொடுத்தனுப்புகிறா. சிவப்புப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. பொங்கலுக்கு நீ வருவாய் என்று நினைத்து அரிசியைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். மிச்சத்தை மாட்டுக்கு வைத்தேன்.

ஐயாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வலது கையும் காலும் அப்படியே கிடக்கின்றன. பேச்சு இல்லை. ஆனால் ஆட்களை அடையாளம் தெரிகிறது, சொல்வதும் விளங்குகிறது. நீ ஆஸ்பத்திரிக்கு வந்து கால்மாட்டில் நின்றபோது அவருக்கு நினைவில்லை. அவர் கண் திறக்குமுன் நீ பஸ் ஏறிவிட்டாய்.

உன்னோடு ஒரே அறையில் இருக்கும் தவராசா முந்தநாள் இங்கே வந்திருந்தான். நீ வகுப்புக்குப் போவதில்லையாம். டாக்குத்தர் படிப்பை விட்டுவிட்டு ஏதாவது கந்தோரில் கிளாக்கர் வேலைக்குப் போகப்போகிறாயாம். சொந்தத் தகப்பனை இந்தக் கோலத்தில் விட்டவன் ஊராருக்கு என்ன வைத்தியம் பார்ப்பது என்று கேட்டாயாம். அதைக் கேட்ட நேரம் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி, உனக்கு நான் ஒளித்துக் கதைக்க மாட்டேன். எனக்கும் உன்மேல் கோபம் வந்ததுதான். ஆவணி விடுமுறைக்கு வந்தபோது, இரத்த அழுத்தம் பார்க்க யாரிடமோ இரவல் வாங்கிய பிறசர்க் கருவியும் கொண்டுவந்தாய். உச்சி வெயிலில் வயலில் அருவிவெட்டு முடித்து வேர்த்து ஒழுக வந்த மனுசனைக் கதிரையில் இருத்தி, கையில் சீலையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாய். பிறசர் நன்றாக இறங்கிவிட்டது, எழும்பும்போது தலை சுற்றுவதும் அவர் பிறசருக்குப் போடுகிற குளிசையால்தான், இனிக் குளிசை வேண்டாம் என்றாய். அவருக்கு வந்த சந்தோசத்தை, புளுகத்தை என்னவென்று சொல்வது. என்ரை மகன் என்னைச் சுகப்படுத்திப்போட்டான் என்று கடை, கோயில் ஒன்றும் மிச்சம் விடாமல் சொல்லித் திரிந்தார்.

பிறகு மார்கழி வந்தது. திருவெம்பாவைக்கு விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாக வீதி சுற்றுகிற கூட்டத்துக்கு இவர்தானே தலைவர். கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குது, அதிலே குளியுங்கோ என்று மன்றாடினேன். திருவெம்பாவைக்குக் குளத்திலேதான் முழுகவேணும், கிணற்றடிக் குளிப்பு நோய் வந்த வருத்தக்காரருக்கு, நான் வருத்தக்காரனோ, மகனைக் கேட்டுப்பார் என்று சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கு வாடைக்காற்று சரியான மோசம். ஈர வேட்டியோடு, வெறும் மேலோடு கோயில் வாசலில் நின்று சங்கை வாயில் வைத்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் போய்விட்டது, ஊத முடியவில்லை.

மனம் கேட்காமல், ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரியாரிடம் நேரே கேட்டேன், என்ரை பிள்ளை பிழை விட்டானோ என்று. அவர் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினார். வெக்கையில் உடம்பு தன் சூட்டை வெளியே விடுவதற்காகத் தோலுக்குக் கீழே உள்ள சின்ன இரத்தக் குழாய்களை விரித்துவிடுமாம். வேர்வையோடு தண்ணீரும் உப்பும் போகுமாம். அதனால் பிறசர் தானாக இறங்குமாம். குளிர் பட்டால் சூட்டைப் பிடித்துவைக்க அதே குழாய்கள் இறுகிப்போகும், அப்போது ஏறும். குளத்துத் தண்ணீர் வெளியே போகிற துருசைத் திறந்துவிட்டால் குளக்கட்டுக்குப் பாரம் குறைவு, பூட்டினால் கட்டுத்தானே தாங்கவேணும் என்றார். சுகமான உடம்பு இதைச் சமாளித்துவிடும், ஐயாவின் இரத்தக் குழாய்கள் முன்னமே தடித்துப்போனவை என்றார்.

தம்பி பார்த்தது சரிதான், அந்த நேரத்துக்குப் பிறசர் அவ்வளவுதான் இருந்திருக்கும், மழை காலத்தில் திரும்பப் பார்க்காமல் விட்டதுதான் பிழை, அந்தப் பிழையைப் பெரிய டாக்குத்தர்மாரும் விட்டிருக்கினம் என்றும் சொன்னார். பிழையே இல்லை என்று நான் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் உள்ளதை எழுதுகிறேன். ஆனால் குளத்துக்கு நீ தள்ளிக்கொண்டு போகவில்லை. அந்த மனுசன் ஆர் சொல்லித்தான் கேட்டார்? நீ படிப்பை விட்டுவிட்டால் அவருக்கு என்ன சுகம் வரப்போகிறது? இனி வெயிலில் ஒருவனுக்குப் பிறசர் பார்த்தால் மார்கழியையும் நினைக்கிற டாக்குத்தர் நீ ஒருவனாவது இருப்பாய் அல்லவா?

இப்போது எனக்குள்ள பெரிய கவலை வேறு. அப்போதிக்கரியார் கிழமைக்கு ஒருமுறை சைக்கிளில் வருகிறார். கையில் சீலையைச் சுற்றப் போனால் ஐயா நல்ல கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். அந்த ஒரு கையில் உள்ள பலம் இரண்டு பேருக்கும் மேல். விளங்காத கையில் பார்த்தால் சரியாகக் காட்டாதாம். பாராமல் குளிசையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, இன்னொருமுறை பாரிசவாதம் வந்தால் ஆள் தப்பாது என்று அப்போதிக்கரியார் என்னைத்தான் ஏசுகிறார். நோகுதோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பயமோ என்று கேட்டேன். அதற்கும் இல்லை. நேற்று, தம்பி வந்து பார்க்கட்டுமோ என்று கேட்டேன்.

கையை நீட்டினார், ராசா. உள்ளங்கை மேலே பார்க்க, நீ அன்றைக்கு நீட்டச் சொன்ன மாதிரியே நீட்டினார். தம்பி இங்கே இல்லை, கொழும்பில் என்று சொல்லியும் மடக்கவில்லை. அப்படியே வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான்தான் பிடித்து மடித்துவிட்டேன்.

அம்மன் உன்னைக் காப்பாற்றுவா. அந்தக் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வா.

உன் அம்மா,
அன்னபாக்கியம்